தரங்கம்பாடி என்றால் கோட்டை மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தரங்கம்பாடி என்றாலே டேனிஷ் கோட்டையின் படத்தைத்தான் எல்லோரும் போடுகிறார்கள். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரின் ஒப்புதலோடு எழுந்த கோட்டைதான், மறுக்கவில்லை. ஆனால் ஊரின் கதை ராஜ வீதியில் அல்லவா இருக்கிறது!

அந்த வீதியின் நுழைவாயில் நெற்றியில் டேனிஷ் அரச முத்திரையும் 1792 என்ற ஆண்டும் உள்ளன. அண்ணாந்து பார்க்காமலே அதனடியில் கார்கள் போகின்றன. உள்ளே அதே வீதியில் 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றிய சீகன்பால்க் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். ஐரோப்பியர் வீடுகள்கூட வெயிலுக்குப் பணிந்து, தூண் வைத்த தாழ்வாரங்களோடு நம்மூர்த் திண்ணை வீடுகளுக்கு உறவாகிவிட்டன.

1845இல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்ற பின் வாணிபம் நாகைப் பக்கம் நகர்ந்தது. ஊர் தூங்கிப்போனது. அந்தத் தூக்கம்தான் வீதியைக் காப்பாற்றியது என்பேன். பணம் புழங்கியிருந்தால் எல்லாவற்றையும் இடித்து மாடி எழுப்பியிருப்போம்.

சென்ற மாதம் போயிருந்தபோது ஒரு பழைய சுவரில் சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தார்கள். உப்புக் காற்று ஊரில் சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். சிமெண்ட் ஈரத்தை உள்ளே பூட்டி, செங்கல்லைப் பொரியவைத்துவிடும். சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் இருக்கும்போதே வீட்டுக்காரர்களுக்கு அரசு மானியம் தந்தால் என்ன?

வாசகர் ஒருவர்,
மயிலாடுதுறை