பாயின்ட் 32 என்றால் எந்த 32?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி உரிமம் பெறுவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, விண்ணப்ப நடைமுறையை ஒழுங்காகவே சொல்லியிருந்தது. ஆனால் எந்த கேலிபர் (அங்குலத்திலோ மில்லிமீட்டரிலோ சொல்லும் குழல் அளவு) வாங்கலாம் என்ற பகுதியில் 9 எம்எம், 40, 45 என்று அமெரிக்கக் கணக்கையெல்லாம் ஒப்பிட்டுவிட்டு, ‘நம் ஊரில் பாயின்ட் 32 கிடைக்கும்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடை வாசலில் நிற்பவருக்குக் குழப்பம் தொடங்குவதே அந்த வரியில்தான்.

9 எம்எம், பாயின்ட் 38, பாயின்ட் 455 எல்லாம் இங்கே தடை செய்யப்பட்ட ‘போர்’ (bore, அதாவது குழல் அளவு). ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் தோட்டா வெளியாட்கள் கைக்குப் போகக் கூடாது என்ற வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கு அது. அவற்றுக்கு உரிமம் தருவது மத்திய உள்துறை. மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ தருவது தடையில்லாத போருக்கு மட்டும். ஆகவே சாதாரண உரிமதாரர் முன்னால் பெரும்பாலும் இருப்பவை பாயின்ட் 32, பாயின்ட் 22, தாத்தா விட்டுப்போன பாயின்ட் 25 ஆகிய மூன்றுதான். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. அவசரத்தில் தப்பானதை வாங்கினால் அந்த இரண்டில் ஒரு இடம் வீண். அதை விற்றுக் கழிக்கவும் மறுபடி ஆபீஸ் படி ஏற வேண்டும்.

பாயின்ட் 32 என்ற பெயரில் கடையில் இருப்பவை இரண்டு வெவ்வேறு தோட்டாக்கள். ரிவால்வருக்கு உரியது 32 ஸ்மித் அண்ட் வெசன் லாங், 1896-இல் வந்தது. மருந்து அடைத்த உலோக உறையின் நீளம் சுமார் 23 மில்லிமீட்டர், அடியில் நன்றாக வெளியே நீட்டிய விளிம்பு, 98 கிரெய்ன் எடையில் (6.35 கிராம்) ஈயக் குண்டு. பிஸ்டலுக்கு உரியது 32 ஏசிபி. 1899-இல் ஜான் பிரவுனிங் வடிவமைத்தது, ஐரோப்பாவில் 7.65 எம்எம் என்பார்கள். இதன் உறை 17 மில்லிமீட்டர்தான், விளிம்பு பேருக்குத்தான் நீட்டியிருக்கும், குண்டு 71 கிரெய்ன் (4.6 கிராம்), மேலே செம்பு உறை. முன்னது கனமாக மெதுவாகப் போகும், பின்னது லேசாக வேகமாகப் போகும். இரண்டின் ஆற்றலும் சுமார் 150 முதல் 175 ஜூல் வரைதான் வரும். 9 எம்எம் தோட்டாவில் அது ஏறக்குறைய 500 ஜூல்.

இரண்டுக்கும் குண்டின் விட்டம் ஒன்று என்பதால் ஒரு ஆபத்து இருக்கிறது. பிஸ்டல் தோட்டா பல ரிவால்வர்களின் சிலிண்டருக்குள் (தோட்டாக்களை வைக்கும் சுழல் உருளை) போய் உட்கார்ந்துவிடும், சுட்டால் வெடிக்கவும் செய்யும். ஆனால் அதன் அழுத்தம் ரிவால்வர் தோட்டாவின் அழுத்தத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதிகம். பழைய ரிவால்வரில் இதைச் செய்தால் சிலிண்டர் விரியும், பூட்டு தளரும். உரிமத்தில் வெறுமனே ‘பாயின்ட் 32’ என்று எழுதியிருந்தால் கடைக்காரர் கையில் எந்தப் பெட்டி அகப்படுகிறதோ அதைத் தருவதும் நடக்கக்கூடியதே. பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்து, ஒரு தோட்டாவை வெளியே எடுத்து நீளம் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

அடுத்தது சக்தி. பாயின்ட் 32-ஐப் பொம்மை என்று கிண்டல் செய்பவர்கள் விட்டத்தைக் கவனிப்பதில்லை. அதன் குண்டு 7.9 மில்லிமீட்டர், 9 எம்எம் குண்டு 9 மில்லிமீட்டர். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர் சொச்சம். கைத்துப்பாக்கிக் குண்டு யாரையும் தூக்கி எறியாது, அது சினிமா. அது செய்வதெல்லாம் ஒரு துளை, எவ்வளவு ஆழம் போகிறது, எதைத் தொடுகிறது என்பதே கணக்கு. 1986 ஏப்ரல் 11 அன்று அமெரிக்காவின் மயாமியில் இரண்டு கொள்ளையர்களோடு எப்.பி.ஐ. ஆட்கள் மோதியபோது, ஒருவனுடைய மேல்கையைத் துளைத்து நெஞ்சுக்குள் போன 9 எம்எம் குண்டு இதயத்துக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது. அவன் அதற்குப் பிறகும் சுட்டுக்கொண்டே இருந்தான். இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். அதன் பிறகு எப்.பி.ஐ. 10 எம்எம்முக்குப் போனது, உதைப்பு தாங்காமல் 40-க்கு இறங்கியது, 2015 வாக்கில் மீண்டும் 9 எம்எம்முக்கே வந்து சேர்ந்தது. அந்தச் சுற்றில் நிலைத்தது ஓர் அளவுகோல் மட்டுமே: உடல் தசைக்குப் பதிலாகச் சோதனையில் வைக்கும் ஜெலட்டின் கட்டியில் குண்டு குறைந்தது 12 அங்குலம் போக வேண்டும், 18-ஐத் தாண்டத் தேவையில்லை.

பாயின்ட் 32-இல் செம்பு உறை போட்ட சாதாரணக் குண்டும், ரிவால்வரின் உருண்டை மூக்கு ஈயக் குண்டும் அந்த 12 அங்குலத்தை எட்டக்கூடியவை. முனையில் குழி உள்ள ஹாலோ பாயின்ட் இந்த கேலிபரில் பெரும்பாலும் தவறான தேர்வு. இருக்கும் கொஞ்ச ஆற்றலும் விரிவதற்கே செலவாகி, குண்டு பாதி வழியில் நின்றுவிடும். அது இங்கே சுலபமாகக் கிடைப்பதில்லை என்று புலம்புகிறவர்கள் புலம்ப வேண்டாம்.

ஆகவே தேர்வு ரிவால்வரா பிஸ்டலா என்பதில்தான் வந்து நிற்கிறது. அதைத் தீர்மானிப்பது கை.

32 ஏசிபி பிஸ்டல்களில் பெரும்பாலானவை ஸ்லைடின் (மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி) எடையும் ஸ்பிரிங்கின் விறைப்புமே பின்னுதைப்பைத் தாங்கும் எளிய அமைப்பு. அதனால் ஸ்பிரிங் கடினமாக இருக்கும். கடையில் மேகசினை (தோட்டா அடுக்கும் கூடு) கழற்றி, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை காலியா என்று கண்ணாலும் சுண்டுவிரலாலும் பார்த்துவிட்டு, குழல் பத்திரமான திசையைப் பார்த்திருக்க, ஸ்லைடைத் தொடர்ந்து பத்து முறை இழுத்துப் பாருங்கள். ஐந்தாவது முறையிலேயே விரல் வழுக்கினால், மூட்டுவலி இருந்தால், வியர்த்த கையோடு நடுராத்திரியில் அது நடக்காது. ரிவால்வரில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் சுத்தியை முன்கூட்டி ஏற்றாமல் நேரடியாக ட்ரிக்கரை இழுக்க, பல ரிவால்வர்களில் ஐந்து கிலோ அளவுக்கு விரல் வலு வேண்டும். சின்னக் கை உள்ளவர்கள் இழுக்கும்போது குழல் மொத்தமும் ஒரு பக்கம் திரும்பிவிடும். இதைப் பார்க்க ஒரு வழி: காலி ரிவால்வரின் குழல் மேல், முனைக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைப் படுக்க வைத்து இழுங்கள். பத்துக்கு ஏழு முறையாவது நாணயம் விழாமல் இருந்தால் அந்தத் துப்பாக்கி உங்களுடையது.

கான்பூரில் செய்து 2014-இல் பெண்களுக்கென்று விளம்பரப்படுத்திய நிர்பீக் ரிவால்வர் சுமார் அரைக் கிலோ. எடை குறைவு என்பதைப் பெரிய வசதியாகச் சொல்கிறார்கள். தூக்கிப்போக வசதிதான். சுடும்போது எடை குறையக் குறைய உதைப்பு கூடும், ட்ரிக்கரின் இழுவைக்குத் துப்பாக்கி இன்னும் அதிகமாக ஆடும். பெரும்பாலும் வீட்டில் பெட்டியில் இருக்கப் போகிற துப்பாக்கிக்கு 700 கிராம் ஒரு குறையே இல்லை.

கோளாறு இரண்டிலும் வரும், விதம்தான் வேறு. பிஸ்டலில் வரும் மோசமான சிக்கல் விளிம்புப் பூட்டு. மேகசினில் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும். மேகசினின் அடியைத் தட்டி ஸ்லைடை இழுக்கும் வழக்கமான வைத்தியம் இதற்குப் பலிக்காது. மேகசினைக் கழற்றி மெல்லிய திருப்புளியால்தான் விடுவிக்க வேண்டும். நீளம் குறைந்த தோட்டாவாக இருந்தால் மேகசினுக்குள் முன்னும் பின்னும் ஆட இடம் கிடைத்து இது அதிகம் வரும், ஹாலோ பாயின்ட் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம். நிரப்பும்போது ஒவ்வொரு தோட்டாவின் விளிம்பும் கீழுள்ளதற்கு முன்னால் உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே தோட்டாவைத் தினமும் அறையில் ஏற்றி இறக்குவதும் கெடுதல். ஒவ்வொரு முறையும் குண்டு உறைக்குள் இம்மியளவு பின்வாங்கும், உள்ளே இடம் குறைந்து அழுத்தம் ஏறும். பக்கத்தில் புதுத் தோட்டாவை நிறுத்தி உயரம் ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

ரிவால்வரில் தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி இழுத்தால் போதும், அடுத்தது வந்துவிடும். அதன் எமன் அழுக்கு. வெப்லி என்ற ஆங்கிலேய ரிவால்வர் வழியில் வந்த, குழலை மடித்துத் திறக்கும் நம் ரிவால்வர்களில், காலி உறைகளைத் தள்ளும் நட்சத்திரத் தட்டுக்கு அடியில் எரியாத மருந்துத் துணுக்கு நாலு விழுந்தாலே சிலிண்டர் இறுகும். பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் அங்கே துடைத்தால் தீரும். திறக்கும்போது குழல் முனை வானத்தைப் பார்க்க வேண்டும், ஒரே வீச்சில் திறக்க வேண்டும். படுக்க வைத்து மெதுவாகத் திறந்தால் ஒரு காலி உறை நழுவி நட்சத்திரத்துக்கு அடியில் போய் உட்காரும். பிறகு மூடவும் முடியாது, நிரப்பவும் முடியாது.

பாயின்ட் 22-ஐச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நிடர் போன்ற 250 கிராம் ரிவால்வர்கள் கைக்கு அடக்கம், உதைப்பு சொற்பம், தோட்டா மலிவு. ஆனால் பற்றவைக்கும் மருந்து விளிம்புக்குள் பரவியிருக்கும் வகை என்பதால் வெடிக்காமல் போவது மற்றதைவிட அதிகம், குட்டைக் குழலில் வேகமும் செத்துவிடும். மணிக்கட்டு பலவீனமானவர்களுக்கு, பாயின்ட் 32-ஐத் தவறவிடுவதைவிட இது மேல். மற்றவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு எச்சரிக்கை: இதைத் தோட்டா இல்லாமல் இழுத்துப் பழகக் கூடாது. தோட்டாவைத் தட்டும் ஊசி அறையின் ஓரத்தில் மோதி இரண்டையும் கெடுக்கும். பாயின்ட் 25 வைத்திருப்பவர்கள் தோட்டா கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். பழக முடியாத துப்பாக்கி அலமாரியில் இருக்கும் ஆபத்து மட்டுமே.

வாங்கியதும் அங்கீகரிக்கப்பட்ட சுடுதளத்தில் ஐம்பது தோட்டா. ஐந்து மீட்டர், சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு வட்டம், அவசரமில்லாமல் ஐந்தைந்தாக. ஐம்பதில் இரண்டு முறைக்கு மேல் சிக்கினால் வேறு மேகசின் போட்டுப் பாருங்கள், அப்போதும் சிக்கினால் திருப்பிக் கொடுங்கள். பலர் ஆறு தோட்டா சுட்டுவிட்டு ‘நல்லா இருக்கு’ என்று எடுத்து வைத்துவிடுகிறார்கள். உரிமத்தில் தோட்டா எண்ணிக்கை குறித்திருப்பதால் சேமிக்கிறார்களாம்.

சுவரைப் பற்றியும் கட்டுரையில் ஒன்றுமில்லை. பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இந்தக் குண்டுகளை நிறுத்திவிடும். பிளைவுட் கதவும் ஆஸ்பெஸ்டாஸ் தகடும் நிறுத்தாது. கிரானைட் தரையில் சாய்வாகப் பட்டால் எங்கே தெறிக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. பிள்ளைகள் படுக்கும் அறை எந்தத் திசையில் இருக்கிறது என்பதைப் பகலிலேயே நின்று பார்த்து வைக்க வேண்டும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்பது அதில் 37. ஓடிப் போகிறவனின் முதுகில் பட்ட குண்டு எந்த கேலிபர் என்று நீதிமன்றம் கேட்காது.

கடைசியாக ஒன்று, தேர்தல் வரும் காலங்களில் உதவும். நடத்தை விதி அமலுக்கு வந்ததும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள், வாரக்கணக்கில் அங்கே கிடக்கும். கொடுக்கும் முன் குழலுக்கும் சிலிண்டருக்கும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும், சொட்டச் சொட்ட ஊற்ற வேண்டாம். தோல் உறையில் போட்டுக் கொடுக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்துக் குழலைத் துருப்பிடிக்க வைக்கும், தோல் பட்டையில் செருகிய தோட்டாக்களில் பச்சைக் களிம்பு ஏறும். திரும்ப வாங்கியதும் குழலுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், உலர்ந்த துணியை இரண்டு முறை விட்டு எண்ணெயை முழுக்கத் துடையுங்கள். எண்ணெய் பிரைமருக்குள் (தோட்டாவின் அடியில் உள்ள பற்றவைக்கும் மருந்து) ஊறினால் தோட்டா வெடிக்காது. களிம்பு ஏறியதையும் எண்ணெய் பட்டதையும் தனியே ஒதுக்கிச் சுடுதளத்தில் சுட்டுத் தீர்த்துவிட்டு, பெட்டியிலிருந்து புதிதாக ஆறு எடுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
துப்பாக்கி சுடும் பயிற்றுநர்,
கோயம்புத்தூர்.