வெற்றுத்தாளில் கைநாட்டு வைத்தால் நிலம் போய்விடுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கிராமத்துப் படங்களில் அடிக்கடி வரும் காட்சி இது. பண்ணையார் வெற்றுத்தாளை நீட்டுவார், கடன்பட்ட விவசாயி கைநாட்டு வைப்பார், மறுநாளே வயலைச் சுற்றி வேலி விழுந்திருக்கும். நிலம் அப்படிக் கைமாறுவதில்லை. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, 100 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள மனையையோ வயலையோ விற்றால் கிரயப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். விற்பவரோ அவருடைய பவர் ஏஜென்டோ நேரில் வர வேண்டும், சாட்சிகள் வேண்டும். பட்டா மாறுவது அதற்குப் பிறகு.

நிஜத்தில் நிலம் கைநழுவுவது மெதுவாக, சத்தமில்லாமல். தாத்தா பெயரிலேயே கிடக்கும் பட்டா, பங்குக்கு ஏற்ப அளந்து உட்பிரிவு செய்யாத சர்வே எண், படித்துப் பார்க்காமல் எழுதிக்கொடுத்த பவர் பத்திரம். கூட்டுப் பட்டாவில் உள்ள பங்காளி ஒருவர் தன் பிரிபடாத பங்கை வெளியாளுக்கு விற்றுவிட்டால், எந்த வரப்பு யாருக்கு என்று சிவில் கோர்ட்டில் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். சண்டைக் காட்சிக்கு இடமில்லாததால்தானோ என்னவோ, இயக்குநர்கள் இந்தப் பக்கம் வருவதில்லை.

குத்தகைக்காரரைச் சினிமா அநேகமாகக் கண்டுகொள்வதே இல்லை. காவிரி டெல்டாவில் கோயில், மடத்து நிலங்களையும் வெளியூரில் குடியேறிவிட்டவர்களின் நிலங்களையும் சாகுபடி செய்பவர்கள் அவர்கள்தான். தனியார் நிலம் என்றால் பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். குத்தகை உரிமையைப் பதிந்துகொள்ள 1969-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் பதிந்தால் பிறகு வெளியேற்ற முடியாதே என்று நிலக்காரர் எழுத்தில் எதுவும் தர மாட்டார். பயிர்க்கடனுக்கும் காப்பீட்டுக்கும் சிட்டா (நிலம் யார் பெயரில் என்ற பதிவு), அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற கிராமக் கணக்கு) கேட்பார்கள். சிட்டா நிலக்காரர் பெயரில் இருக்கும். அடங்கலில் உழுபவர் பெயர் ஏறுவதும் நிலக்காரர் மனசு வைத்தால்தான். சம்பா மழையில் மூழ்கினால் நட்டம் உழுதவருக்கு. நிவாரணப் பணமோ பல நேரம் பட்டாக்காரர் கணக்குக்குப் போகும். ஒரு முழுப்படத்துக்கான கதை இதிலேயே இருக்கிறது.

நடவுப் பாட்டுகளைப் பற்றியும் ஒன்று. துணை நடிகைகள் நாற்றைக் கொத்தாகப் பிடித்துச் சேற்றில் அழுத்தியபடி முன்னால் நடக்கிறார்கள். நடவாட்கள் பின்னோக்கித்தான் நகர்வார்கள். முன்னே போனால் நட்டதையே மிதிக்க வேண்டிவரும். குத்துக்கு 2, 3 நாற்று, ஓர் அங்குல ஆழம், அவ்வளவுதான். அதற்குமேல் அழுத்தினால் நாற்று வேரூன்றிப் பச்சை பிடிக்க நாளாகும், பக்கத்தில் கிளைக்கும் தூரும் குறையும். படப்பிடிப்புக்கு உள்ளூர் நடவாட்கள் நான்கு பேரை அழைத்தாலே இதைச் சரிசெய்துவிடலாம்.

எல்லாப் படங்களையும் குறை சொல்லவில்லை. 2018-இல் வந்த லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’, நிலமில்லாத தொழிலாளி ஒருவர் துண்டு நிலம் வாங்கப் படும் பாட்டை ஆரவாரமில்லாமல் காட்டியது. மற்றவர்களும், வருவாய்த் துறை ஆண்டுதோறும் கிராமக் கணக்குகளைச் சரிபார்த்து மனு வாங்கும் ஜமாபந்தி நடக்கும் நாளில் ஏதாவது ஒரு தாலுகா அலுவலகத்துக்குப் போய்வரலாம். பட்டா மாறுதல், உட்பிரிவு, வண்டிப்பாதைத் தகராறு என்று மனுவோடு நிற்பவர்களிடம் அரை நாள் பேச்சுக் கொடுத்தால், அந்த வெற்றுத்தாள் காட்சியை எழுத மனசு வராது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மன்னார்குடி