பேய் பிறந்த வருடத்தையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பயண இணைப்பில் வந்த பேய் உலவும் இடங்கள் பற்றிய கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பேயை நம்புகிறாயா என்று பகலில் கேட்டால் இல்லை என்பேன், நடுராத்திரியில் கேட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டு இல்லை என்பேன், அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் இது பகுத்தறிவுப் பாடம் எடுக்கிற கடிதம் இல்லை. பேய் பார்க்க ஊர் ஊராகப் போகிறவர்கள் போகட்டும், அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

உறுத்தியது வேறு. எந்த மாதம் போகலாம், எந்த மாடிப்படியில் யார் அழுகிற சத்தம் கேட்கும் என்று எல்லாம் எழுதியிருந்தீர்கள், ஆனால் அந்தக் கதை எந்த வருடம் கிளம்பியது, யார் கிளப்பினார்கள், அதனால் யாருக்கு வரும்படி என்று ஒரு வரிகூட இல்லை. என்னைக் கேட்டால் பேயைவிட அதுதான் சுவாரசியம்.

ராஜஸ்தானின் பான்கர் கோட்டையையே எடுத்துக்கொள்வோம். அரசாங்கமே பேய்க்குப் பயந்து இரவில் தடை போட்ட இடம் என்று நீங்கள் மட்டுமல்ல, எல்லோரும்தான் எழுதுகிறார்கள். தொல்லியல் துறை அங்கே பலகை வைத்திருப்பது உண்மை, சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்பும் உள்ளே போகக் கூடாது என்று அதில் எழுதியிருப்பதும் உண்மை. பேய் என்ற பேச்சே அதில் கிடையாது. அந்தத் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னங்கள் பெரும்பாலும் உதயம் முதல் அஸ்தமனம் வரைதான் திறந்திருக்கும். போதாததற்கு இந்தக் கோட்டை சரிஸ்கா புலிகள் காப்பகத்தை ஒட்டிய மலைப்பக்கத்தில் இருக்கிறது. இடிந்த சுவர்களுக்கு நடுவே இருட்டில் நடக்கிறவருக்கு ஆபத்து வர பேய்தான் வேண்டும் என்றில்லை. மந்திரவாதி, இளவரசி, வசியத் தைலம் என்கிற கதையைத் தாராளமாகச் சொல்லுங்கள், அது அழகான கதை. அரசாங்கத்தை அதற்குச் சாட்சியாகக் கூப்பிடாதீர்கள், அவ்வளவுதான்.

கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் இருக்கும் வின்செஸ்டர் மாளிகை பற்றி நிறையவே எழுதலாம். துப்பாக்கிக் கம்பெனிக் குடும்பத்தின் விதவை சாரா வின்செஸ்டர், அந்தத் துப்பாக்கிகளால் செத்தவர்களின் ஆவிகளுக்குப் பயந்து, கட்டடம் கட்டுவதை நிறுத்தினால் தன் உயிர் போய்விடும் என்று நம்பி, கடைசிவரை இரவும் பகலும் கட்டிக்கொண்டே இருந்தார் என்பது அங்கே சொல்லப்படும் கதை. சுமார் 160 அறைகள், எங்கும் போகாத படிக்கட்டுகள், திறந்தால் கீழே விழ வேண்டிய கதவுகள். பார்க்க மிரட்சியாகத்தான் இருக்கும். ஆனால் 1906-ல் அந்தப் பகுதியையே உலுக்கிய நிலநடுக்கத்தில் மாளிகையின் மேல் தளங்கள் சரிந்தன, அவர் அவற்றைத் திரும்பக் கட்டவில்லை, இடிபாட்டை அகற்றிவிட்டு அப்படியே விட்டுவிட்டார். மாடி இல்லாமல் போனால் மாடிப்படி எங்கே போகும்? ஆவிகளுக்குப் பயந்து கட்டினார் என்பதற்கு அவர் கையெழுத்தில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. 1922-ல் அவர் இறந்தார், அடுத்த வருடமே வீடு டிக்கெட் போட்டுக் காட்சிக்கு வந்துவிட்டது. கணவனையும் ஒரே குழந்தையையும் இழந்த, நிறையப் பணமும் கட்டடம் கட்டும் ஆசையும் இருந்த ஒரு பெண்மணி, தனியாக இருக்க விரும்பினார் என்ற குற்றத்துக்காக நூறு வருடமாகப் பைத்தியம் என்று பேர் வாங்கிக்கொண்டிருக்கிறார். இதை எழுதினால் படிக்கிறவர்களுக்குச் சுவாரசியம் குறைந்துவிடுமா என்ன?

அப்புறம், பத்திரிகைகளின் பங்கு. இதை ஒரு பத்திரிகைக்கே எழுதுவது கொஞ்சம் சங்கடம்தான், ஆனாலும் சொல்ல வேண்டும். இங்கிலாந்திலேயே அதிகம் பேய் பிடித்த வீடு என்று பேர் வாங்கிய போர்லி பாதிரியார் இல்லம் நாடு முழுக்கத் தெரியவந்தது 1929-ல், டெய்லி மிரர் பத்திரிகை நிருபரை அனுப்பி, பின்னாலேயே ஹாரி பிரைஸ் என்கிற பேய் ஆராய்ச்சியாளரையும் வரவழைத்த பிறகுதான். கூட்டம் கூட்டமாக ஆட்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். 1939-ல் வீடு எரிந்தது, 1944-ல் மிச்சத்தையும் இடித்துவிட்டார்கள். அங்கே நடந்ததாகச் சொன்னவற்றில் சிலவற்றை பிரைஸே செய்திருக்கலாம் என்று பிற்பாடு 1956-ல், பேய்களை ஆராய்வதற்கென்றே இருக்கும் சங்கம் வெளியிட்ட அறிக்கையே சந்தேகப்பட்டது. வீடே இல்லாத இடத்துக்கும் ஆட்கள் தேடி வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

இதைவிட வேடிக்கை அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் நையாக் என்ற ஊரில் நடந்தது. ஒரு வீட்டுக்காரர் தன் வீட்டில் பேய் இருக்கிறது என்று பத்திரிகைகளில் சொல்லிவந்தார், ஊர்ச் சுற்றுலாவிலும் அந்த வீடு பேய் வீடாகவே காட்டப்பட்டது. பிறகு வீட்டை விற்றபோது, வெளியூரிலிருந்து வந்த வாங்குபவருக்கு அது தெரியாது. தெரிந்ததும் வழக்கு. 1991-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது என்ன தெரியுமா? பேய் இருக்கிறது என்று ஊருக்கெல்லாம் பறைசாற்றிவிட்டு இப்போது இல்லை என்று சொல்ல முடியாது, ஆகவே சட்டத்தைப் பொறுத்தவரை அந்த வீட்டில் பேய் இருக்கிறது! வாங்கியவர் ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ள வழி கிடைத்தது. அச்சில் வந்தால் பேய்க்குச் சட்ட அந்தஸ்தே வந்துவிடுகிறது, பாருங்கள்.

வியாபாரமும் லேசுப்பட்டதில்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் டிம்பர்லைன் என்ற மலை விடுதி. 1980-ல் வெளியான ஒரு திகில் படத்தில் விடுதியின் வெளித்தோற்றமாக வருவது அதுதான். மூலக்கதையில் பேய் அறையின் எண் 217. நிஜ விடுதியிலும் 217 என்று ஓர் அறை இருந்ததால், இனி யாரும் அதில் தங்க மாட்டார்கள் என்று நிர்வாகம் பயந்து கேட்டுக்கொள்ள, படத்தில் அங்கே இல்லாத 237 என்ற எண்ணைப் போட்டார்கள். இன்றைக்கு அந்த விடுதியில் ஆட்கள் அதிகம் கேட்டு வாங்கும் அறை 217தானாம்.

சரி, இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாத இடங்களும் உங்கள் பட்டியலில் இருந்தன.

ஸ்காட்லாந்தில், எடின்பரோவின் கிரேஃப்ரையர்ஸ் கல்லறைத் தோட்டத்தில் சுற்றுலாப் பயணிகளை மெக்கன்சி என்பவரின் ஆவி கீறுகிறது, தள்ளிவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். மெக்கன்சி இறந்தது 1691-ல். இந்த அட்டகாசக் கதை கிளம்பியதோ 1998-ல், அடுத்த வருடமே இரவுச் சுற்றுலா ஆரம்பமாகிவிட்டது. முந்நூறு வருடம் சும்மா இருந்த ஆவிக்கு வழிகாட்டி வந்ததும் உற்சாகம் வந்துவிட்டது போலிருக்கிறது! ஆனால் அதே தோட்டத்தை ஒட்டிய வெளியில் 1679-ல் மதக் காரணத்துக்காகப் போராடித் தோற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளைத் திறந்தவெளியில் மாதக்கணக்கில் அடைத்துவைத்தார்கள், பலர் அங்கேயே மாண்டார்கள், எஞ்சியவர்களில் இருநூற்றுக்கும் மேற்பட்டவர்களை நாடு கடத்தக் கப்பலில் ஏற்ற, அது ஆர்க்னி தீவுகள் அருகே மூழ்கி அவர்களில் பெரும்பாலோர் செத்துப்போனார்கள். உங்கள் கட்டுரையில் கீறல் காயத்துக்கு ஒரு பத்தி இருந்தது, இவர்களுக்கு ஒரு வரி இல்லை.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து மிர்ட்டில்ஸ் தோட்ட மாளிகைக் கதை இன்னும் மோசம். குளோயி என்ற அடிமைப் பெண் அரளி கலந்த கேக்கைக் கொடுத்து எஜமானியையும் குழந்தைகளையும் கொன்றாள், அவள் ஆவிதான் தலைப்பாகையோடு அலைகிறது என்கிறார்கள். அங்கே அப்படி ஓர் அடிமைப் பெண் இருந்ததற்கு ஆவணம் இல்லை. அந்தத் தாயும் இரண்டு குழந்தைகளும் 1823, 1824 ஆண்டுகளில் இறந்தது மஞ்சள் காய்ச்சலால். அடிமைகளை வைத்து வேலை வாங்கிய ஒரு வீட்டில், இல்லாத ஓர் அடிமையைக் கொலைகாரியாக்கி, அவளைக் காட்டிப் பணம் பார்ப்பது என்றால் அதற்கு என்ன பேர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நம்ம ஊர் சேலம் இல்லை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து சேலம் ஊரில் 1692-ல் சூனியக்காரர்கள் என்று சொல்லி 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், ஒருவரைக் கல் ஏற்றி நசுக்கினார்கள். யாரும் சூனியக்காரர் இல்லை, அதுதான் அந்த வரலாற்றின் சாரமே. இன்று அந்த ஊர்ப் போலீஸ் சின்னத்தில் துடைப்பத்தில் பறக்கும் சூனியக்காரி இருக்கிறாள், அக்டோபரில் தெரு கொள்ளாத கூட்டம். அவர்களைத் தூக்கிலிட்ட இடம் இதுதான் என்று ஆய்வாளர்கள் உறுதிசெய்தது 2016-ல், அங்கே நினைவிடம் வந்தது 2017-ல். பொம்மைக் கடைகள் எவ்வளவோ முந்திக்கொண்டன.

பேய்ச் சுற்றுலாவே வேண்டாம் என்று சொல்லவில்லை. பிலடெல்பியாவின் ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறை 1829 முதல் 1971 வரை இயங்கியது, மூடியபின் பாழடைந்து கிடந்தது. அங்கே அக்டோபர் மாதங்களில் நடக்கும் திகில் நிகழ்ச்சியில் வந்த வருமானம் அந்தக் கட்டடத்தைக் காப்பாற்ற உதவியது. பகலில் போனால் சிறைத் தண்டனை பற்றிய தீவிரமான கண்காட்சியும் இருக்கிறது. இரண்டும் ஒரே வளாகத்தில் இருக்க முடிகிறதே.

இன்னொன்று, எடின்பரோவின் தெற்குப் பாலத்துக்கு அடியில் இருக்கும் நிலவறைகளில் பேய் பார்த்தவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்றும் நான் சொல்லவில்லை. உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மேன் குழு அங்கே ஆட்களை அனுப்பிச் சோதித்து 2003-ல் முடிவை வெளியிட்டது. பேய்க்குப் பேர்போன அறைகளில்தான் அதிகம் பேருக்கு ஏதோ செய்திருக்கிறது, அவை அப்படிப் பேர்போனவை என்று முன்கூட்டித் தெரியாதவர்களுக்கும்கூட. கூரையின் உயரம், வெளிச்சம் போன்றவற்றோடு அது பொருந்திப்போனது. உடம்பு சிலிர்ப்பது உண்மை. அதற்குக் காரணம் சொல்லும் வேலையைத்தான் வழிகாட்டிகள் எடுத்துக்கொள்கிறார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர்களையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நியூயார்க் மாநிலத்தின் அமிட்டிவில் என்ற ஊரில் 1974-ல் ஒரு குடும்பத்தில் ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். அடுத்துக் குடிவந்தவர்கள் 28 நாளில் பேய் என்று சொல்லி ஓடினார்கள். சில வருடங்களில், அந்தக் கதையை அப்படி ஓடிய குடும்பத்தோடு உட்கார்ந்து மது குடித்தபடி தயாரித்தோம் என்று கொலைகாரனின் வழக்கறிஞரே சொன்னார். அதற்குப் பிறகு வாழ்ந்தவர்களுக்குப் பேயால் தொல்லை இல்லை, வேடிக்கை பார்க்க வந்தவர்களால்தான் தொல்லை. கடைசியில் வீட்டு எண்ணையே மாற்ற வேண்டியதாயிற்று. நீங்களோ தெருப் பெயர்வரை போட்டிருந்தீர்கள்.

ஆகவே நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு இடத்துக்கும் கதை முதலில் எப்போது சொல்லப்பட்டது என்று ஒரு வரி சேருங்கள். அங்கே உண்மையில் செத்தவர்கள் யார் என்று இன்னொரு வரி. ஆட்கள் இன்னும் குடியிருக்கும் வீடு என்றால் முகவரி வேண்டாம்.

அப்புறம், ஜப்பானில் ஃபியூஜி மலையடிவாரத்தின் அவோகிகஹாரா காடு. உயிரை மாய்த்துக்கொள்ள வருகிறவர்களிடம் கொஞ்சம் நில்லுங்கள், யாரிடமாவது பேசுங்கள் என்று கேட்டுக்கொள்ளும் பலகை வாசலிலேயே வைக்கப்பட்ட இடம் அது. 2017 கடைசியில் ஒருவர் அங்கே இறந்துகிடந்த ஓர் உடலை வீடியோ எடுத்துப் போட்டு உலகமே காறித் துப்பியது உங்களுக்கும் நினைவிருக்கும். அங்கே இறந்தவர்களின் அப்பா அம்மா இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். உங்கள் இணையப் பதிப்பில் அது இன்னமும் ஐந்தாவது இடமாக, படம் எடுக்கத் தோதான இடம் என்ற குறிப்போடு நிற்கிறது. மற்றதை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் முடிவு செய்யுங்கள், அதை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பயண இணைப்பை விடாமல் படிக்கும் வாசகர்