புளூபெல் காட்டுக்கு இரண்டு கோச் வேண்டாம்

இங்கிலாந்திலுள்ள நம் தமிழ்ச் சங்கத்தின் சுற்றுலாக் குழுவினருக்கு,

வணக்கம். சித்திரைப் பிறப்பு விழா முடிந்த கையோடு வசந்தத்தில் தரையெல்லாம் நீலமாகப் பூக்கிற புளூபெல் காட்டுக்குப் போகிறோம், இரண்டு கோச் (பெரிய பேருந்து), மதியம் பிரியாணி, பெண்கள் முடிந்தால் நீலச் சேலையில் வரவும் என்று வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வந்திருக்கிறது. வந்த வேகத்திலேயே பாதி இருக்கை நிரம்பிவிட்டது. சந்தோஷம்தான். தீம் பார்க்கையும் அவுட்லெட் கடைகளையும் விட்டால் போக்கிடம் இல்லை என்றிருந்த நாம், ஒரு மரத்தடிக்குப் போக இவ்வளவு ஆசைப்படுவது நல்ல விஷயம். ஆனாலும் கோச் கம்பெனிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். செயலாளருக்குத் தனியாக அனுப்பியிருக்கலாம். எல்லோரும் நடக்கப்போகிற காடு என்பதால் எல்லோருக்கும் தெரியும்படியே எழுதுகிறேன்.

நான் கேட்பது இவ்வளவுதான்: காட்டுக்குப் போவோம். நூறு பேராக, ஒரே நாளில், ஒரே காட்டுக்குள் இறங்க வேண்டாம். பூவுக்குள் யாரும் கால் வைக்க வேண்டாம்.

போன வருடம் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பாதை வளையும் இடத்தில் ஒருவர் படத்துக்காக இரண்டு எட்டு உள்ளே போய் நின்றார். அடுத்தவர் அதே இடத்தில் நின்றார். மூன்றாமவருக்குப் பின்னணியில் முதல் இருவர் மிதித்த இடம் தெரிந்தது. அதனால் அவர் இன்னும் கொஞ்சம் உள்ளே போனார். சாப்பாட்டு நேரத்துக்குள் அங்கே ஒரு ஒற்றையடிப் பாதை உருவாகிவிட்டது. இலைகள் நசுங்கிப் பளபளத்துக்கொண்டு கிடந்தன, தண்டுகள் ஒடிந்து எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன, குதிகால் அழுந்திய குழிகளில் களிமண் மேலே வந்திருந்தது. பிறகு வந்த ஒரு ஆங்கிலேயக் குடும்பம் அதுவும் பாதைதான் என்று நினைத்து நாயோடு அதிலேயே நடந்து போனது. அவர்கள் மேல் என்ன தப்பு?

புளூபெல் புல் மாதிரி மறுநாள் நிமிர்ந்துவிடுகிற செடி இல்லை. மண்ணுக்குள் சின்ன வெங்காயம் போன்ற ஒரு குமிழ் இருக்கிறது. மேலே மரங்கள் இலை விடுவதற்கு முன் தரைக்கு வெயில் வரும் சில வாரங்களுக்குள் அது தழைத்து, பூத்து, அடுத்த வருடத்துக்கான உணவை இலை வழியாகக் கீழே சேர்த்துக்கொள்ள வேண்டும். மே மாதக் கடைசியில் பீச் (beech) என்ற பெரிய மரங்களின் இலைகள் கூடி மேலே மூடிவிட்டால் கதை முடிந்தது. இலை நசுங்கினால் குமிழுக்குச் சாப்பாடு போகாது. அடுத்த வருடம் பூ வராது, சில சமயம் செடியே போய்விடும். ஆகவே பூவைப் பறிக்காமல் இலையை மட்டும் மிதித்தாலும் சேதம் சேதம்தான். விதையிலிருந்து முளைத்தால் பூக்க ஐந்து வருடமாவது ஆகும். மிகவும் மெதுவாகப் பரவுகிற செடி என்பதால்தான், தரை முழுக்க புளூபெல் விரிந்திருந்தால் அது பழங்காடாக இருக்கும் என்று இங்கே கணிக்கிறார்கள். இங்கிலாந்தில் பழங்காடு என்றால் 1600-ஆம் ஆண்டிலிருந்தாவது தொடர்ந்து காடாகவே இருந்துவரும் நிலம். உலகத்திலுள்ள இந்தப் பூவில் ஏறக்குறைய பாதி பிரிட்டனில்தான் இருக்கிறது. 1981-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தின்படி, நிலத்துக்காரரின் அனுமதி இல்லாமல் வேரோடு பிடுங்குவது குற்றம். போன தடவை ஒரு பெரியவர் 'ஒரு கிழங்கு எடுத்துப்போய் வீட்டுத் தோட்டத்தில் வைத்தால் என்ன' என்று கேட்டார். அவருக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன். அப்புறம், செடி முழுக்க நச்சு. சின்னப் பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

'வெள்ளைக்காரர்கள் மட்டும் ஒழுங்கா?' என்று குழுவில் ஒருவர் கேட்பார். கேட்கட்டும், நியாயமான கேள்வி. லண்டனுக்கு வடமேற்கே, ஆஷ்ரிட்ஜ் எஸ்டேட்டில் டாக்கி வுட் என்று ஒரு காடு இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் தரையே தெரியாது, அத்தனை நீலம். படங்கள் பரவ ஆரம்பித்ததும் கூட்டம் குவிந்து, பூக்களை மிதித்து, கடைசியில் அந்த இடத்தைப் பராமரிக்கும் நேஷனல் ட்ரஸ்ட் என்ற தொண்டு அமைப்பு பூக்காலத்தில் மட்டும் கட்டணம் வைத்து ஆட்களை அளவாக உள்ளே விடும்படி ஆனது. அங்கே மிதித்தவர்களில் எல்லா ஊர்க்காரர்களும் உண்டு. நாம் மட்டும்தான் கெடுக்கிறோம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் இரண்டு பேராக, நான்கு பேராக வருகிறார்கள். நாம் கோச்சில் போகிறோம். நூறு பேர் பாதை ஓரமாக மட்டும் நடந்தாலும், எதிரே வருபவர்களுக்கு வழிவிட ஒதுங்குகிற ஒவ்வொரு முறையும் ஓரத்துச் செடிகள் மேல்தான் கால் வைப்போம். அந்தப் பாதையின் அகலம் அவ்வளவுதான். கோச்சுக்கும் இதே பிரச்சினை: இந்தக் காடுகள் இருக்கும் சில்டர்ன்ஸ் குன்றுகளின் பக்கத்துக் குறுகிய லேன்களில் இரண்டு கார் எதிரெதிரே வந்தாலே ஒன்று வேலியோரம் ஒதுங்கி நிற்க வேண்டும். போன வருடம் நம் டிரைவர் வண்டியைத் திருப்ப முடியாமல் பின்னாலேயே ஓட்டிப்போனதையும், அதற்குள் வரிசையாக நின்றுவிட்ட கார்களையும் மறந்திருக்க மாட்டீர்கள்.

சரி, இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2019-இல் ஜூலியன் குளோவர் தலைமையில் அரசுக்காக ஒரு ஆய்வு செய்தார்கள். தேசியப் பூங்காக்கள், சில்டர்ன்ஸ் போன்ற பாதுகாக்கப்பட்ட நிலங்கள் எல்லாம் பற்றி. நம்மைப் போன்ற பலருக்கு அந்த இடங்கள் தமக்கானவை என்ற உணர்வே இல்லை என்று அதில் வெளிப்படையாக எழுதியிருந்தார்கள். உண்மைதான். காட்டுப் பாதையில் நம் குடும்பம் ஒன்று எதிரே வந்தால் சிலர் பார்க்கும் பார்வை நமக்குத் தெரியும். அமைதி, அமைதி என்று சொல்வதே சில சமயம் 'நீ வராதே' என்பதற்கு மரியாதையான வழியாகிவிடுகிறது. நான் அந்த அமைதியைக் கேட்கவில்லை. பிள்ளைகள் கத்தட்டும், பெரியம்மாக்கள் பேசிக்கொண்டே நடக்கட்டும். புளூடூத் ஸ்பீக்கரை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். மரங்கொத்தி தட்டுகிற சத்தமும், அடர்ந்த புதருக்குள்ளிருந்து மன்ட்ஜாக் மான் நாய் மாதிரிக் குரைக்கிற சத்தமும் பாட்டுக்கு நடுவில் கேட்காது. அந்த மன்ட்ஜாக், நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் கேளையாட்டின் சீனத்துச் சொந்தம். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் வோபர்ன் எஸ்டேட்டுக்குக் கொண்டுவந்து, தப்பித்து, இன்று ஊரெல்லாம் பெருகிவிட்டது. அதுவும் புளூபெல்லைத் தின்று தீர்க்கிறது என்பது தனிக் கதை.

பூவுக்கு நடுவில் நின்ற மாதிரிப் படம் வேண்டும் என்றால் அதற்கு வழி இருக்கிறது. பாதை வளைகிற இடமாகப் பாருங்கள். படம் எடுப்பவர் வளைவுக்கு இந்தப் பக்கம் பாதையிலேயே முழங்கால் உயரத்தில் குனிந்துகொள்ள வேண்டும். நிற்பவர் வளைவைத் தாண்டி, அவரும் பாதையிலேயே. போனில் இரண்டு மடங்கு அல்லது மூன்று மடங்கு ஜூம். முன்னாலிருக்கும் பூக்கள் பாதையை மறைத்துவிடும், பின்னாலிருக்கும் பூக்கள் நெருங்கி வந்துவிடும், ஆள் பூவில் மூழ்கி நிற்கிற மாதிரி விழும். காலை ஒன்பது மணிக்கு முன் அல்லது மாலையில் எடுங்கள். உச்சி வெயிலில் நீலம் வெளிறிப்போகும். போன் கேமரா இந்த நீலத்தை எப்போதும் கொஞ்சம் ஊதாவாகத்தான் காட்டுகிறது, அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. நீலச் சேலையைப் பற்றி என் அபிப்பிராயம் கேட்டால், பூவோடு கலந்து ஆளே தெரியாது. மாம்பழ மஞ்சள் கட்டுங்கள். எதைக் கட்டினாலும் கொசுவம் சேற்றில் புரளாத அளவுக்குத் தூக்கிக் கட்டி, கீழே பூட்ஸ் போடுங்கள். கால்சட்டை போடுபவர்கள் அதன் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்வது நல்லது. உண்ணி கடித்தால் லைம் நோய் வரக்கூடும், வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் கழுத்து, முழங்கால் மடிப்பு எல்லாம் பார்த்துவிடுங்கள்.

பாதை விஷயத்தில் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'இது பொதுக் காடுதானே' என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த சுற்றித் திரியும் உரிமை மலை, புதர்வெளி, பொதுமேய்ச்சல் நிலம் போன்றவற்றுக்குத்தான். காடு பொதுவாக அதில் சேராது. தனியார் காட்டில் நமக்குள்ள உரிமை மஞ்சள் அம்புக்குறி போட்ட நடைபாதையோடு முடிந்துவிடும். நீல அம்புக்குறி என்றால் குதிரையும் சைக்கிளும் வரும், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். உட்லண்ட் ட்ரஸ்ட் என்ற அமைப்பிடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காடுகள் இருக்கின்றன. 1972-இல் தொடங்கியது. நடக்கக் காசு வாங்குவதில்லை. பெரிய பெயரெடுத்த காட்டையே எல்லோரும் தேடிப் போவதற்குப் பதில், நம் வீட்டுக்குப் பக்கத்தில் எது இருக்கிறது என்று அவர்கள் வலைத்தளத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டுப் பாருங்கள்.

இனி என் யோசனை. இந்த ஏப்ரலில் கோச்சை விட்டுவிட்டு ரயிலில் போவோம். லண்டன் யூஸ்டன் நிலையத்திலிருந்து ட்ரிங் நிலையம் முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடும். அங்கிருந்து ஆல்ட்பரி கிராமத்துக் குளத்தைக் கடந்து மேட்டில் ஏறினால் ஆஷ்ரிட்ஜின் பீச் காடு. மேலே 1832-இல் கட்டிய பிரிட்ஜ்வாட்டர் நினைவுத் தூண், பக்கத்தில் கஃபே, கழிப்பறை. பதினைந்து பதினைந்து பேராகப் பிரிந்து, வேறு வேறு சனி ஞாயிறுகளில் போகலாம். பூ மூன்று வாரமாவது நிற்கும், அவசரம் இல்லை. முட்டி வலிக்காரர்களுக்கு மேடு ஒத்துவராது. அவர்களுக்கு வெண்டோவர் வுட்ஸ் சரியாக இருக்கும்: கார் நிறுத்த இடம், கஃபே, கழிப்பறை, தள்ளுவண்டி போகிற பாதை எல்லாம் உண்டு. பிரியாணி விஷயத்தில் நான் கைவைக்க மாட்டேன், ஆனால் காட்டுக்குள் டிஸ்போசபிள் பார்பிக்யூ (ஒரு தடவை பயன்படுத்தி எறிகிற கரியடுப்பு) கூடவே கூடாது. திறந்தவெளியில் சாப்பிடும்போது மேலேயும் ஒரு கண் இருக்கட்டும். இங்கிலாந்தில் அற்றுப்போயிருந்த செம்பழுப்புப் பருந்தை 1989-லிருந்து ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்து சில்டர்ன்ஸில் விட்டார்கள். இன்று தலைக்கு மேலேயே வட்டமடிக்கிறது, கோழித்துண்டைத் தட்டிப்பறிக்கத் தயங்காது.

முழுச் சங்கமும் கோச் பிடித்துத்தான் போக வேண்டும் என்றால், அதை ஐப்பசிக்குத் தள்ளுங்கள். தீபாவளியை ஒட்டி ஸ்லா நகருக்கு அந்தப் பக்கம் பர்னம் பீச்சஸ் என்ற பீச் மரக் காட்டுக்குப் போகலாம். 1880-இல் வீடு கட்ட விற்றுவிடாமல் லண்டன் சிட்டி கார்ப்பரேஷன் வாங்கிப் பொதுமக்களுக்கு வைத்த காடு. அக்டோபர் கடைசியில் முழுக்கப் பொன்னிறமாக இருக்கும். அங்கே உள்ள பழைய பீச் மரங்கள் பலவற்றுக்கு 400 வயதுக்கு மேல். அந்தக் காலத்தில் விறகுக்காக ஆள் உயரத்துக்கு மேலே வெட்டி வெட்டி விட்டார்கள், புதுத் தளிரை மாடு எட்டிக் கடிக்காமல் இருக்க. அப்படி வெட்டு வாங்கியே உடம்பெல்லாம் முடிச்சும் பொந்துமாக நிற்கின்றன. இந்த ஊரில் ஆள் கை படாத காடு என்று ஏறக்குறைய எதுவும் இல்லை. சில்டர்ன்ஸ் பீச் காடுகளுக்குள்ளேயே பட்டறை போட்டு நாற்காலிக் கால்களைக் கடைந்து ஹை விக்கம் பக்கத்துத் தொழிற்கூடங்களுக்கு விற்றுப் பிழைத்தவர்கள் இருபதாம் நூற்றாண்டு வரைக்கும் இருந்தார்கள். இலையுதிர் காலத்தில் தரையில் சருகுதான் கிடக்கும். கெட்டிப் பாதைகள் உண்டு, கூட்டம் தாங்கும். பழைய மரங்களின் வேர்மேல் ஏறி நிற்காமல் இருந்தால் போதும். கோச் எங்கே நிறுத்துவது என்று முன்கூட்டியே அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த செயற்குழுவில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். ரயில் பயணத்துக்குப் பதினைந்து பேர் கொண்ட முதல் குழுவை அழைத்துப்போக நான் தயார், வரைபடமும் முதலுதவிப் பையும் என்னிடம் இருக்கின்றன. நீலச் சேலை அறிவிப்பை நீங்கள்தான் மாற்றிப் போட வேண்டும், நான் போட்டால் அக்காமார் என்னைச் சும்மா விடமாட்டார்கள்.

அன்புடன்,
சங்க உறுப்பினர் ஒருவர்