தாத்தாவின் கருவிகளுக்கு ஒரு கூரை வேண்டும்: நன்கொடை வேண்டுகோள்

சொந்தபந்தங்களுக்கும், தாத்தாவிடம் வேலை கற்ற மாணவர்களுக்கும், அல்சூர், ஜோகுபாளையா, மர்ஃபி டவுன் மக்களுக்கும் வணக்கம்.

தெருவுக்கெல்லாம் தாத்தா, மாணவர்களுக்கு மேஷ்ட்ரு. ஐ.டி.ஐ. தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிரிவுக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றார். அதன் பிறகும் வீட்டுப் பின்பக்கத் தகரக் கொட்டகையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சுத்தியும் உளியும் பிடிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்த அவர், இந்தத் தை மாதம் நம்மை விட்டுப் போனார். அவருடைய கருவிகளை வைத்து, அல்சூர் பிள்ளைகள் வந்து கைவேலை கற்க ஒரு பொதுப் பட்டறை தொடங்குகிறோம். பேரப்பிள்ளைகளும் பழைய மாணவர்களும் தெருக்காரர்களும் சேர்ந்த குழு இது. இதை நடத்திக்காட்ட உங்கள் பணமும் கையும் வேண்டும்.

தாத்தா குடியாத்தத்தில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். தறிக்கட்டை உடைந்தால் ஆசாரிக்குக் காத்திருக்காமல் தானே இழைத்துப் பொருத்தப் பழகியதுதான் அவருடைய முதல் படிப்பு. அவர் பெங்களூருக்கு வந்த காலத்தில் இந்த ஊருக்கு வேலை தெரிந்த கைகள் தேவைப்பட்டன. 1940-இல் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை, 1948-இல் ஐ.டி.ஐ. என்ற பெயரிலேயே தொலைபேசித் தொழிற்சாலை, 1953-இல் எச்.எம்.டி. இயந்திரத் தொழிற்சாலை, 1954-இல் பி.ஈ.எல். மின்னணுத் தொழிற்சாலை என்று வரிசையாகத் தொழிற்சாலைகள் வந்திருந்தன. ஜோலார்பேட்டை ரயிலேறி வந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த வாசல்களில்தான் சோறு கிடைத்தது. சில வருடம் தொழிற்சாலையில் வேலை பார்த்த தாத்தா, பிறகு கற்றுக்கொடுக்கப் போனார். சம்பளம் குறைவு என்று பாட்டிக்கு வருத்தம் இருந்திருக்கிறது. அவர் அதைப் பற்றிப் பேசி நாங்கள் கேட்டதில்லை.

அவரிடம் படித்தவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது அரத்தைப் பற்றித்தான். தொடக்கத்தில் வேறு எதையும் தொட விட மாட்டார். ஒரு இரும்புத் துண்டை வைஸில் (மேசையில் பொருத்திய இறுக்குப் பிடியில்) மாட்டி, நான்கு பக்கமும் மட்டமாக அராவ வேண்டும். மூலமட்டம் என்கிற 'எல்' வடிவக் கருவியை அதன்மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். இடுக்கில் துளி வெளிச்சம் தெரிந்தாலும் துண்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். திட்ட மாட்டார். "இன்னும் கொஞ்சம் இருக்குப்பா" என்பார், அவ்வளவுதான். எச்.ஏ.எல்.லில் ஓய்வு பெற்று இப்போது எங்கள் குழுவில் இருக்கும் மாணவர் ஒருவர், தன் கைக்கு வந்த நிதானம் முழுக்க அந்த ஒரு வார்த்தையில் வந்தது என்கிறார்.

பாதுகாப்பு என்று வந்தால் மட்டும் குரல் மாறும். கைப்பிடி இல்லாத அரத்தை யார் எடுத்தாலும் பிடுங்கி வைத்துவிடுவார். அதன் வால்நுனி உள்ளங்கையில் இறங்கிவிடும். லேத் என்கிற கடைசல் மெஷினில், துண்டைப் பிடிக்கும் சக்கில் சாவியை விட்டுவிட்டு நகர்ந்தவனை அன்று முழுவதும் மெஷின் பக்கம் விட மாட்டார். இரும்புத் தூளை வாயால் ஊதக் கூடாது, பிரஷ்ஷால்தான் தள்ள வேண்டும். ஸ்டீல் ஸ்கேலின் நுனி தேய்ந்திருக்கும், ஆகவே 1 செ.மீ. கோட்டிலிருந்து அளந்து பிறகு ஒன்றைக் கழி. இவையெல்லாம் புத்தகத்திலும் இருக்கின்றன. ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் மனதில் நிற்கும்படி சொல்ல ஒரு ஆள் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கிறது.

மரவேலையை அவர் ஓய்வுக்குப் பிறகுதான் முழு மனதோடு கற்றுக்கொடுத்தார். இழைப்புளியின் தகட்டை 25 டிகிரியில் சாணை பிடித்து, முனையை மட்டும் 30 டிகிரியில் எண்ணெய்க் கல்லில் தீட்ட வேண்டும். தீட்டிய பிறகு மரத்திலிருந்து சுருள் ஒரே நீளமாக வர வேண்டும். சுருள் உடையாமல் வந்த அன்று அந்தப் பிள்ளைக்கு டீயும் பன்னும் உண்டு. எங்கள் வீட்டுப் பெண் பிள்ளைகளையும் அவர் ஒதுக்கியதில்லை. இன்று தெருவில் மூன்று வீட்டில் வைக்கிற கொலுப்படி, ஆணி இல்லாமல் கழுந்தும் துளையும் போட்டுப் பேத்திகள் செய்ததுதான். மழைக்காலத்தில் உப்பிப்போன கதவைச் சீவித் தருவதற்கு அவர் யாரிடமும் காசு வாங்கியதில்லை.

அவர் மறைந்தபோது மார்பளவுச் சிலை, படத்திறப்பு, அன்னதானம் என்று பலரும் அன்போடு யோசனை சொன்னார்கள். அன்னதானம் பதினாறாம் நாளே குடும்பம் செய்துவிட்டது. சிலை வேண்டாம் என்பதில் குழு உறுதியாக இருக்கிறது. அவருடைய வைஸ் துரு ஏறிக்கொண்டிருக்கும்போது அவர் சிலைக்கு மாலை போட எங்களுக்கு மனம் வரவில்லை.

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8-ஆம் வகுப்புப் பிள்ளைகள் பத்து நாள் புத்தகப்பை இல்லாமல் தச்சர், தோட்டக்காரர், குயவர் போன்றவர்களிடம் வேலை பழக வேண்டும் என்கிறது. நல்ல யோசனை. அதற்குப் பட்டறையும் சொல்லிக்கொடுக்க ஆளும் வேண்டுமே! நம்மிடம் இரண்டும் இருக்கின்றன. வேலையில் ஊறிய பழைய மாணவர்கள் சனி, ஞாயிறுகளில் சம்பளம் இல்லாமல் கற்றுத்தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இடம்தான் அவசரம். கொட்டகை இருக்கும் வாடகை வீட்டை உரிமையாளர் இடித்துக் கட்டப்போகிறார். ஆவணிக்குள் காலி செய்து தர வேண்டும். நியாயமாக, போதிய அவகாசம் கொடுத்தே கேட்டிருக்கிறார். ஜோகுபாளையாவில் தரைத்தளத்தில் ஓர் அறை பார்த்திருக்கிறோம். வாடகை மாதம் 15,000 ரூபாய். பெங்களூர் வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் 1,50,000. இது செலவாகும் பணம் இல்லை. காலி செய்யும்போது திரும்பி வந்து பட்டறையின் கையிருப்பாகவே இருக்கும். ஒரு வருட வாடகை 1,80,000. நான்கு வேலை மேசைகளுக்கு 88,000, எட்டு வைஸுக்கு 28,000, வயரிங், எர்த், விளக்குகளுக்கு 35,000. பழைய கருவிகளுக்குக் கைப்பிடி போட்டு, சாணை பிடித்து, குறைவதை வாங்க 24,000. முதல் வருட மரமும் இரும்பும் 30,000. பாதுகாப்புக் கண்ணாடி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான் 10,000. மொத்தம் 5,45,000 ரூபாய். இதில் 1,60,000 குழுவினரும் குடும்பத்தாரும் போட்டுவிட்டோம். இன்னும் 3,85,000 தேவை.

பிள்ளைகளிடம் கட்டணம் கிடையாது. பன்னிரண்டு வயது நிறைந்த யாரும் வரலாம். தமிழ், கன்னடம், உருது, தெலுங்கு எந்த வீட்டுப் பிள்ளையானாலும் சரி. மின்ரம்பம் வைக்க மாட்டோம். கைக்கருவிகளோடு ஒரு டிரில், ஒரு கிரைண்டர் மட்டும், அதுவும் பெரியவர்கள் பக்கத்தில் நிற்கும்போதுதான்.

பணம் கொடுப்பவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். 80ஜி பதிவு நமக்கு இன்னும் இல்லை, ஆகவே வருமான வரிச் சலுகை கிடைக்காது. வெளிநாட்டில் இருந்தாலும் இந்தியக் குடிமக்களாக இருக்கும் மாணவர்கள் தங்கள் சேமிப்பிலிருந்து வழக்கமான வங்கி வழியில் அனுப்பலாம். அந்நியக் குடியுரிமை பெற்றவர்கள், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், பணம் அனுப்ப வேண்டாம். அதை வாங்க, வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ.வின் கீழ் பதிவு வேண்டும், நம்மிடம் அது இல்லை. ஊருக்கு வரும்போது பட்டறைக்கு வந்து பிள்ளைகளோடு ஒரு ஞாயிறு உட்காருங்கள்.

நூறு ரூபாய்க்கும் ரசீது உண்டு. பொருளாளர் கையெழுத்தோடு எண்ணிட்ட ரசீது இல்லாமல் யாரிடமும் ரொக்கம் கொடுக்காதீர்கள். வரவு செலவு மாதாமாதம் பட்டறைக் கதவில் ஒட்டப்படும். பணம் முடியாதவர்கள் பரணில் கிடக்கும் இழைப்புளி, ரம்பம், உளி, கொட்டாப்புளி எதுவானாலும் கொடுங்கள். துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை, அதைத் துடைப்பதே பிள்ளைகளின் முதல் பாடமாக இருக்கும். பழைய கட்டில், அலமாரியின் தேக்குச் சட்டங்கள் இருந்தால் சொல்லியனுப்புங்கள், வந்து எடுத்துக்கொள்கிறோம்.

ஆயுத பூஜைக்குக் கருவிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மறுநாள் விஜயதசமியன்று முதல் வகுப்பைத் தொடங்க எண்ணியிருக்கிறோம். அட்வான்ஸ் தொகையை ஆடி முடிவதற்குள் கட்டியாக வேண்டும் என்பதால், தர நினைப்பதை அதற்கு முன் தந்தால் பெரிய உதவியாக இருக்கும். ஞாயிறுதோறும் காலையில் குழுவினர் தாத்தாவின் கொட்டகையில் இருப்போம். பணமோ கருவியோ அங்கே நேரில் தரலாம்.

இப்படிக்கு,
தாத்தா நினைவுப் பட்டறைக் குழுவினர்
அல்சூர், பெங்களூர்