எரியாத விளக்கும் சொல்லாத எண்ணும்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் மகள் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பயிற்சியில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் மனம் நிறைந்தது. இங்கு அனைவரும் நலம். விமானி கேட்டதற்குப் பதில் சொன்னால் போதாதா என்று அவள் கேட்டதாக எழுதியிருந்தாய். அன்றிலிருந்து என் நினைவில் ஓடிக்கொண்டிருப்பதை எழுதுகிறேன். அவளுக்கும் படித்துக் காட்டு.

1972 டிசம்பர் 29 இரவு, நியூயார்க்கிலிருந்து மயாமிக்கு வந்த ஈஸ்டர்ன் நிறுவனத்தின் 401 என்ற விமானம் தரையிறங்க முற்பட்டபோது, முன்சக்கரம் பூட்டிக்கொண்டதைக் காட்டும் பச்சை விளக்கு எரியவில்லை. சக்கரம் சரியாகவே இறங்கியிருந்தது, பழுது விளக்கில்தான். 2,000 அடி உயரத்தில், விமானத்தைத் தானாக ஓட்டும் ஆட்டோபைலட் கருவியிடம் அதை ஒப்படைத்துவிட்டு, கழற்றிய விளக்கு உறையை மீண்டும் பொருத்த முடியாமல் விமானிகள் போராடினார்கள். உடனிருந்த விமானப் பொறியாளர் சக்கரத்தைப் பார்க்கக் கீழே இறங்கினார். யாரோ அறியாமல் கட்டுப்பாட்டுத் தண்டின்மீது சாய்ந்ததில் விமானத்தை ஒரே உயரத்தில் வைத்திருக்கும் ஆட்டோபைலட்டின் பிடிப்பு விடுபட்டிருக்க வேண்டும். 250 அடி இறங்கியதும் பொறியாளர் இருக்கைப் பக்கம் எச்சரிக்கை ஒலித்தது, ஒருவரும் கவனிக்கவில்லை.

நான் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்ப்பது கடைசி அரை நிமிடத்தைத்தான். ரேடார் திரையில் விமானத்தின் உயரம் 900 அடி என்று கண்ட தரைக் கட்டுப்பாட்டாளர், "அங்கே நிலைமை எப்படி இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். அவர் மனத்தில் இருந்தது உயரம். விமானிகள் மனத்தில் இருந்ததோ விளக்கு. திரும்பி வருகிறோம் என்றார்கள், அவரும் அனுமதித்தார். எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் விமானம் விழுந்தது. இருந்த 176 பேரில் 101 பேர் இறந்தார்கள்.

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அக்காலத் திரைகளில் தவறான எண்கள் கணநேரம் தோன்றி மறைவது வழக்கம். ஆனாலும் அந்த 900 அவர் வாயிலிருந்து வந்திருந்தால், விமானிகள் இருவரும் உயரமானியைப் பார்த்திருப்பார்கள் என்றே நம்புகிறேன். 10,000 அடிக்குக் கீழே பறத்தலுக்குத் தொடர்பில்லாத பேச்சும் வேலையும் கூடாதென்று அமெரிக்காவில் 1981இல் விதி வந்தது. நல்ல விதிதான், ஆனால் சக்கர விளக்கு பறத்தலுக்குத் தொடர்புள்ள வேலையாயிற்றே!

இப்போது விமானம் அளவுக்கு மீறித் தாழ்ந்தால் கட்டுப்பாட்டாளரின் திரையே எச்சரிக்கும் ஏற்பாடு உண்டு. அப்போது விமானியிடம் என்ன சொற்களைச் சொல்லச் சொல்லித் தருகிறார்கள் என்று அவளிடம் கேட்டு, அப்படியே எழுது.

அன்புடன்,
உன் நண்பன்