தென்னை விவசாயிகள் சங்கம்: 2018-19 ஆண்டறிக்கை

தலைவர் அண்ணனுக்கும் வந்திருக்க எல்லாருக்கும் வணக்கம். நவம்பர் 15 வரைக்கும் நாலு கூட்டம் போட்டோம், நாலுலயும் தேங்காய் விலை, வியாபாரி தள்ளுற கழிவுக்காய், இதே பேச்சுதான். அதுக்கப்புறம் மினிட் புக்குல ரெண்டு மாசம் ஒரு வரி கெடையாது. புக்கே நனைஞ்சு போச்சு, ஆபீஸ் தகரம் எங்க போயி விழுந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

16ந்தேதி விடியக்காலைல கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி நம்ம பட்டுக்கோட்டை, பேராவூரணி வழியா போனத நான் உங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. ஆனா இத எழுதி வச்சே ஆகணும், அன்னைக்கு விடிஞ்சு தெருவுல நின்னு பாத்தா மெயின் ரோடு தெரிஞ்சுது, நான் பொறந்ததுலேர்ந்து தோப்பு மறைச்சிருந்த ரோடு. 45 நாளைக்கு ஒரு வெட்டுன்னு அத நம்பியே பொண்ணு கல்யாணம், காலேஜ் பீஸ்னு ஓட்டுனவங்க நாம, எல்லாம் ஒரே ராத்திரில படுத்துருச்சு.

நிவாரணம் மரத்துக்கு 600, வெட்டி அகத்த 500, ஆக 1100. ஹெக்டேருக்கு 175 மரம்னு கணக்கு. கணக்கெடுப்புல விட்டுப்போன 11 பேருக்கு மனு குடுத்திருக்கோம், ரெண்டு தடவ நானே அலைஞ்சேன், இன்னும் பதில் இல்ல.

சங்கத்து காசு போனது ரம்ப மிஷின் வாடகைக்கும், தண்ணி டேங்க் ஏத்த ஜெனரேட்டருக்கும்தான். கரண்ட் வர 27 நாளாச்சு. கம்பம் நட கேரளாலேர்ந்து ஈபி ஆளுங்க வந்தாங்க, ஆகஸ்ட்ல அவங்க ஊரு வெள்ளத்துக்கு நாம அரிசி மூட்டை அனுப்புனோம்ல, அதச் சொன்னதும் அதுல ஒருத்தருக்கு கண்ணு கலங்கிருச்சு. அவங்களுக்கு சமைச்சுப் போட்டது முழுக்க தெரு பொம்பளைங்க, அந்த செலவ யாரும் சங்கத்துல கேக்கல, அதனால கணக்குல இருக்காது. சந்தாவும் இந்த வருஷம் வாங்கல, கையிருப்பு 3,140.

விழுந்த மரத்த அகத்தாம போட்டா காண்டாமிருக வண்டு அதுல முட்டை வச்சு, நிக்கிற மரத்தையும் சேத்து முடிச்சிரும். இன்னும் சிலர் கொல்லைல கெடக்கு, பேர் சொல்ல வேணாம்னு பாக்குறேன். காலியான எடத்துல பலபேர் உளுந்து போட்டாங்க, சுமாரா வந்துச்சு, ஆனா தென்னை மாதிரி ஆகுமா.

புதுக்கன்னு விஷயத்துல நெட்டையா குட்டையான்னு பெரிய சண்டை. நெட்டைன்னா காய்க்க ஆறேழு வருஷம். மேலத்தெரு பெரியப்பாகிட்ட நெட்டையே வைங்கன்னேன், "எனக்கு 78 ஆச்சுடா, குட்டை வச்சு இளநி குடிச்சுட்டுத்தான் போவேன்"னாரு. வச்சுட்டாரு, தெனம் அவரே கொடத்துல தண்ணி ஊத்துறாரு.

டிசம்பர்ல, விழுந்த நெட்டை மரங்கள்ல நல்ல காப்பு மரமா பாத்து, முத்துன காயா 600 பொறுக்கி பள்ளிக்கூடத்துக்கு பின்னாடி நாத்தங்கால் போட்டோம்ல, அதுல 412 முளைச்சிருக்கு. ஐப்பசி மழைக்கு எடுத்து நடலாம். ஒரு மரம் கூட மிஞ்சாதவங்களுக்கு முதல்ல. எந்தக் காய் யார் மரத்துதுன்னு குறிச்சு வைக்கல, அதக் கேட்டு யாரும் எங்கிட்ட சண்டைக்கு வராதீங்க.